ஆப்பிரிக்காக் கற்றாழை

“அது இன்னைக்கு வெயில்ல நின்னுச்சாப்பா?”

போனில் மகள் இசைவாணி முதலில் கேட்டதே அதைத்தான். அப்பாவின் கால் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டு மாதக்கணக்காகிறது. ராஜவேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நின்னுச்சு, நின்னுச்சு. மகாராணி மாதிரி நின்னுச்சு!” என்று போனை வைத்தார்.

ஒரு கைப்பிடி அளவுச் செடி அது. தடித்த பச்சை இலைகள், அவற்றின் மேல் வரிவரியாக வெள்ளைக் கோடுகள். பார்த்தால் கற்றாழைக் குட்டி மாதிரிதான் இருக்கும். ஆனால் ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு மலையில் மட்டும் முளைக்கிற அபூர்வச் சாதியாம். சென்னையில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், போன முறை சிதம்பரம் வந்தபோது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கூடவே சட்டமும் போட்டாள். காலையில் மொட்டை மாடி. வெயில் ஏறுவதற்குள் கீழே. பொழுது சாயும்போது மறுபடியும் மேலே. இலை இடுக்கில் சொட்டுத் தண்ணீர் தங்கக் கூடாது. “அம்மாவுக்குப் பக்குவம் தெரியாது. நீதான் பாத்துக்கணும்.”

ராஜவேல் குமராட்சிக்கு மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். வண்டி வாய்க்காலில் சாய்ந்து இடது முட்டி நொறுங்கியதிலிருந்து வாசல் கேட்டைத் தாண்டவில்லை. காலுக்குப் பயிற்சி சொல்லித்தர வீட்டுக்கு வந்தவரையும், “வலிக்குதுய்யா, வுடு” என்று துரத்தியாயிற்று. அப்படிப்பட்டவர் தலையில்தான் இந்தப் பாரம்.

முதலில் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து, தொட்டியை முன்னால் நகர்த்தி வைத்துத்தான் ஏறினார். இப்போது ஒரு கையில் தொட்டி, ஒரு கை சுவரில். ஏறும்போதும் திட்டு, இறங்கும்போதும் திட்டு.

“அப்பன் காலு இப்படின்னு தெரியும். தெரிஞ்சே இதை எந்தலையில கட்டிட்டுப் போயிருக்கா பாரு!”

“செடி என்னாங்க பாவம் பண்ணுச்சு?” என்பாள் மனைவி பொன்னி.

இத்தனை பாடுபட்டும் அது தேறவில்லை. ஒரு சாயங்காலம் செடியை மேலே வைத்துவிட்டு வந்து அவர் கண்ணயர்ந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் தொட்டி நிரம்பி வழிந்தது. மறுநாளே அடி இலை வெந்த கத்திரிக்காயாகக் கொழகொழத்தது.

மண்ணை மாற்றினார். மணல் கலந்தார். அழுகியதை பிளேடால் நறுக்கினார். அடுத்த இலையும் கொழகொழத்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள்.

“கடலூர்ல ஆரோக்கியராஜ்னு ஒருத்தர் நர்சரி வெச்சிருக்காரு. அவுருகிட்ட காட்டுனா பொழைக்க வெச்சிடுவாரு” என்றாள் பொன்னி.

“அப்ப நீ எடுத்துனு போயேன்.”

“அங்கன்வாடிய யாரு பாத்துக்குவாங்க? நீங்க போங்க.”

“நானா? இந்தக் காலை வெச்சுனா?”

“அப்ப சாவட்டும், வுடுங்க” என்று பையை மாட்டிக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள்.

சாவட்டும் என்ற சொல் அவரைச் சுருக்கென்று தைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிச் சுமந்தவருக்கல்லவா அதன் அருமை தெரியும்? சனியன், சனியன் என்று முனகிக்கொண்டே சட்டையை எடுத்து மாட்டினார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிந்தது. பஸ் படியில் கால் வைத்ததும் முட்டி உதறியது. பின்னாலிருந்து ஒருவர் இடிக்க, “செடி இருக்குது, பாத்து வாய்யா!” என்று கத்தியபடியே ஏறிவிட்டார். வழியெல்லாம் மடியில் தொட்டி. டிரைவர் வேகமெடுத்தபோதெல்லாம் இவர் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது. புதுச்சத்திரம் தாண்டிய பிறகுதான் மூச்சு சீரானது.

நர்சரியில் ஆரோக்கியராஜ் தொட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு. நடுக்குருத்து நல்லாத்தான் இருக்குது, பொழைச்சுக்கும்.”

“அபூர்வமான செடிங்க. வெயில் ஏறுனா எறக்கணும், சாஞ்சா ஏத்தணும்...”

“எதுக்குங்க அதெல்லாம்? நெழல்ல ஒரே எடத்துல வெச்சிட்டு மறந்துடலாமே.” அவர் கை நீட்டிய பக்கம் ராஜவேல் பார்த்தார். நிழல்வலைக்கு அடியில், கறுப்புப் பைகளில், அதே வெள்ளைக் கோட்டுச் செடி வரிசை வரிசையாக நின்றது.

அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டார்.

“ஏம்மா, அப்பன்னா அவ்ளோ எளக்காரமா? ஆப்பிரிக்காவாம், மலையாம்! நாயி படாத பாடு பட்டேன் மாடிக்கும் கீழுக்கும்! இங்க என்னாடான்னா நாத்தங்கால் மாதிரி நிக்குது!”

“எங்கப்பா நிக்குது?”

“கடலூர்ல. நர்சரியில.”

“கடலூர்லயா இருக்க? யாருப்பா கூட்டினு வந்தது?”

“எவன் கூட்டினு வருவான்? ஒங்கம்மா கைய விரிச்சிட்டா. நாந்தான் தனியா பஸ் ஏறி வந்தேன். இப்ப அதுவா முக்கியம்? எதுக்கு என்னை ஏமாத்துன, அதைச் சொல்லு!”

மகள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“அதுக்குத்தாம்பா அந்தச் செடி.”