அப்பச்சியைப் பார்க்க வந்தவள்

அன்று பள்ளத்தூர் வீட்டின் முகப்பில் இருந்தவர்கள் ஐந்து பேர். பிள்ளைகள் 'அப்பச்சி' என்று கூப்பிடும் எண்பத்திரண்டு வயது உடையப்பன், சென்னையிலிருந்து வந்திருந்த மகன் நாராயண், மருமகள் தேனம்மை, கோவையிலிருந்து வந்திருந்த மகள் சாலா, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பூஜா என்ற பெண். அந்தப் பெண் எதற்கு வந்திருக்கிறாள் என்று உடையப்பனிடம் யாரும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியதும் இல்லை. போன வருஷம் பக்கத்துத் தெரு வயிரவனையும் இப்படித்தான் அட்டை மாட்டிய ஒருத்தி வந்து பார்த்துவிட்டுப் போனாள். மறுவாரம் முதியோர் இல்லத்துக் காரில் ஏற்றியபோது, மனிதர் தன் தலையணையை விடாமல் கட்டிக்கொண்டிருந்தாராம். அதன் பிறகு அந்த வீட்டுக் கதவு திறக்கவே இல்லை.

உடையப்பன் கைத்தடியைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு நிமிர்ந்து நின்றார். தன்னைக் கொண்டுபோக வந்தவளாகவே இருக்கட்டும். வாசல் ஏறி வந்தவளை "வாங்க" என்று கேட்காவிட்டால் அப்புறம் இந்த வீட்டுக்கு என்ன மரியாதை?

"வாங்க," என்றார் கைகூப்பி.

பூஜா அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "அந்த 'வாங்க' ரொம்ப நல்லா இருக்கு," என்று நாராயணிடம் சொன்னாள். "காது கேக்குமா?"

"கேக்கக் கூடாததெல்லாம் நல்லாவே கேக்கும்," என்றாள் சாலா.

"ஞாபகம்?"

"பழசெல்லாம் தண்ணிபட்ட பாடு," என்றாள் தேனம்மை. "காலையில என்ன சாப்பிட்டாகன்னு மட்டும் கேட்டுறாதீக."

"இட்டிலியும் கத்திரிக்காக் கோசமல்லியும்," என்றார் உடையப்பன். "கோசமல்லியில நீ உப்புப் போடல. வீட்டுக்கு ஆள் வந்துருக்கேன்னு சொல்லாம விட்டேன்."

பூஜா சிரிக்கவில்லை. "கீழ எங்கயும் விழுந்திருக்காரா?"

"போன தையில ஒருக்கா வழுக்கிட்டாக," என்றான் நாராயண் தயங்கி.

"வழுக்கல. கொஞ்சம் சீக்கிரமா எறங்கிட்டேன்."

"புது ஆளுங்களைக் கண்டா கோபப்படுவாரா?"

உடையப்பனுக்குச் சுள்ளென்று வந்தது. மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்குமுன் மாட்டை ஒருமுறை தட்டிக்கொடுப்பார்கள். ஆனால் இப்போது கோபப்பட்டால் அதுவே போதும், காரை வரச் சொல்லிவிடுவாள். தான் தளரவில்லை என்று காட்டுவதுதான் தப்பிக்க ஒரே வழி.

"இங்குட்டு வாம்மா," என்று முன்னால் நடந்தார்.

ஒரே மரத்தில் கடைந்த தேக்குத் தூணைத் தட்டிக் காட்டினார். தன் பாட்டனார் அதை ரங்கூனில் வாங்கிக் கப்பலேற்றிய கதையையும், கரையில் இறக்கும்போது கயிறு அறுந்து மரம் கடலோடு போகப் பார்த்ததையும் மூச்சு விடாமல் சொன்னார். முட்டை வெள்ளை சேர்த்து இழைத்த சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மாடிப்படியைக் கைப்பிடியைத் தொடாமல் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் முழங்காலில் ஊசி இறங்கியது. முகத்தில் காட்டவில்லை.

பூஜா கைபேசியை உயர்த்திப் பிடித்தபடியே பின்னால் வந்தாள். "ஐயா, அந்தக் கப்பல் கதையை இன்னொரு தடவை சொல்றீங்களா? தூண் பக்கத்துல நின்னு?"

மறதி இருக்கிறதா என்று சோதிக்கிறாள். உடையப்பன் இறங்கி வந்து, ஒரு சொல் பிசகாமல் மறுபடி சொன்னார்.

"எப்பவும் சட்டை இல்லாம, துண்டோடதான் இருப்பாரா?"

"சொன்னாலும் போட மாட்டாக," என்றாள் சாலா. சொல்லிவிட்டு ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெயித்துவிட்டதாகவே உடையப்பன் நினைத்தார். அப்போதுதான் உள் முற்றத்திலிருந்து பூஜாவின் குரல் வந்தது. சாலா சொன்னது சரி, அவருக்கு எல்லாமே கேட்டது.

"ஐயாவை எடுத்துக்கறோம். அவருக்குப் பின்கட்டுல ஒரு ரூம் போதும். டாக்டர், மருந்து எல்லாம் எங்க பொறுப்பு. ஒண்ணாம் தேதியிலருந்து வெச்சுக்கலாம்."

"நடுவுல அப்பச்சிக்கு ஏதாவது ஆயிட்டா?" நாராயணின் குரல் தாழ்ந்திருந்தது.

"அப்ப மறுபடி பேசிக்கலாம் சார்."

உடையப்பனின் கை கதவுக்குப் பின்னால் கைத்தடியைத் தேடியது.

அன்று மாலையே அவருடைய கட்டிலை அறையிலிருந்து வெளியே எடுத்தார்கள். தேனம்மை அவருடைய வேட்டிகளை மடித்து ஒரு பையில் அடுக்கினாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் சத்தம் வரும். இந்த வீட்டுச் சத்தம் இதுவரை தெருவுக்குப் போனதில்லை.

ஒன்றாம் தேதி வந்து போயிற்று. ஒரு நாள் வலையபட்டியிலிருந்து பங்காளி சாத்தப்பன் போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, ஊரெல்லாம் ஒரே பேச்சாக் கெடக்கு. பெத்த பிள்ளைகளே உங்களக் கொண்டுபோயி இல்லத்துல தள்ளிட்டாகளாமே? எந்த ஊர்ல இருக்கீக, சொல்லுங்க. நான் வந்து பாக்குறேன்."

உடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் பிள்ளைகளைப் பற்றி நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேச இந்த ஊரில் எவனுக்கும் அவர் இடம் கொடுத்ததில்லை.

"சுத்தப் பொய்யி. எங்க வீட்டுப் பிள்ளைக அப்படிச் செய்யாதுக," என்றார் கண்டிப்பாக. "வீட்டத்தான் ஓட்டலுக்கு வாடகைக்கு விட்டிருக்காக. என்னயும் சேத்து."