பைஜாமா நாடா

குழாயை மூடிவிட்டு, ஃப்ளஷ் டேங்கின் பீங்கான் மூடியைத் தூக்கிக் கழிவறைச் சுவரில் சாய்த்து வைத்தாள். இத்தனை கனம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

பிளம்பர் இன்றைக்கு வரேன், நாளைக்கு வரேன் என்று இழுத்தடித்தான். அவனை நம்பினது போதும். புதுச் சங்கிலியும் ரப்பரும் தானே வாங்கி வந்துவிட்டாள்.

டேங்கினுள் எட்டிப் பார்த்தாள். அடியில் ரப்பர் கறுத்து, ஓரமெல்லாம் பிய்ந்து கிடந்தது. அதைத் தூக்குகிற சங்கிலி நடுவில் அறுந்திருந்தது.

அறுந்த இடத்தில் ஒரு துணி நாடா.

முடிச்சு. அதன்மேல் ஒரு முடிச்சு. அதன்மேல் இன்னொன்று.

கணவருடைய பைஜாமா நாடா.

அதற்கும் திட்டியிருக்கிறாள். "நாடாவை எங்க தொலைச்சீங்க?" ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி நின்றார்.

டம்ளரைப் பிடித்தால் பாதி தரைக்குப் போகும், அப்படி நடுங்கும் கை. அந்தக் கையால்தான் இந்த மூடியைத் தூக்கியிருக்கிறார்.

கைப்பிடியை மெல்ல அழுத்திப் பார்த்தாள். நாடா தொய்ந்து கிடந்தது. ரப்பர் அசையவில்லை.

பலம் கொண்டமட்டும் அழுத்தினாள். ரப்பர் எழும்பியது. தண்ணீர் போனது.

அவளுக்கு எப்போதும் பலமாகத்தான் அழுத்தத் தெரியும்.

"இதோ, நான் அழுத்துனாப் போகுதே! போயிட்டுத் தண்ணி விடக்கூடத் தெரியாதா? சின்னக் குழந்தையா நீங்க?"

நாக்கில் நரம்பில்லாமல் பேசினாள். மருமகன் வந்திருந்த அன்றும் பேசினாள். ஹால் வரைக்கும் கேட்டது.

"அழுத்துனேன், செண்பகம்" என்றார்.

பிறகு அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

டம்ளரை நீட்டினால் தாகமில்லை என்பார். உதடு வெடித்திருக்கும். வீம்பு என்றே நினைத்தாள். உடம்பில் தண்ணீரே இல்லை என்று டாக்டர் சொன்னபோதும், "சொன்னாக் கேட்டாத்தானே டாக்டர்" என்று அவர்மேலேயே பழியைப் போட்டாள். கட்டிலில் கிடந்தவர் அதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

குடித்தால் போக வேண்டும். போனால் திட்டு விழும்.

பாவி, இது தெரியவில்லையே எனக்கு என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். தண்ணீரில் ஊறி இறுகியிருந்தது. கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. எடுக்கவில்லை. நகம் பிய்ந்தது. அவிழும்வரை குனிந்தே நின்றாள்.

நாடாவைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள்.

ரப்பரை மாற்றினாள். புதுச் சங்கிலியின் கொக்கியை மாட்டினாள். குழாயைத் திறந்தாள். டேங்க் நிறைகிற வரைக்கும் காத்திருந்தாள்.

கைப்பிடியில் ஒரே விரலை வைத்தாள். அவர் விரல்போல், பலமே இல்லாமல்.

மடமடவென்று தண்ணீர் இறங்கியது.

ஹாலில் அவருடைய படம் மாலையோடு மாட்டியிருந்தது.

அந்தப் படம் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அழுத்துனீங்க."