பஞ்சவர்ணத்தின் ஏரி

"நீ என்ன தண்ணிக்குள்ளயே பொறந்தியா, பஞ்சவர்ணம்? ஒரே மூச்சுல இவ்வளவு நேரம் கபடி பாடுறியே, எப்படிடி?"

வரலட்சுமி இவ்வாறு வினவியபோது, ஆவடிக் குடியிருப்பின் மைதானத்தில் மாலை வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. அது 1991ஆம் ஆண்டு. பஞ்சவர்ணம் அந்த வாரந்தான் தமிழ்நாடு மகளிர் கபடி அணிக்குத் தேர்வாகியிருந்தாள். வரலட்சுமியோ, எதிரணியின் கட்டத்துக்குள் நுழைந்த சற்று நேரத்திலேயே மூச்சை விட்டுவிடுகிறவள். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியிலும் அவ்வாறே நேர்ந்தால், உள்ளூர் அணியிலிருந்து அவளை விலக்க வேண்டியிருக்கும் என்று பயிற்சியாளர் ஜேம்ஸ் அவர்கள் வருத்தத்துடன் தெரிவித்துவிட்டார்.

"சொல்லுடி. என் ஜெர்சியைப் பிடுங்கிடுவாங்க போல இருக்கு."

"புடுங்கினா எனக்குக் குடுக்கச் சொல்லு. ஊட்ல தரை தொடைக்கத் துணியே இல்ல."

"விளையாடாதே!" வரலட்சுமியின் கண்கள் கலங்கின.

பஞ்சவர்ணம் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சிறிது தயங்கிவிட்டு, "எனக்கு ஒரு ஏரி கீது," என்றாள்.

"சேக்காடு ஏரியா?"

"அது இல்ல. இது சின்னது. அஞ்சாறு வயசுல அதுல முங்கிக் கெடப்பேன். மொதல்ல ஒரே இருட்டு. அப்பறம் கண்ணுக்குள்ள பச்சையா ஒரு வெளிச்சம் வரும் பாரு... மீனெல்லாம் வந்து கால்ல முட்டும். மேல எவ்ளோ சத்தம் கேட்டாலும், உள்ள வேற ஒலகம்டி."

"பயமா இருக்காதா?"

"இன்னா பயம்? மேல கரையில அம்மா ஒக்காந்துகினு இருக்கும். அது கூப்புடற வரைக்கும் நான் மூச்சே வுட மாட்டேன்."

சொல்லும்போதே அவளுடைய பார்வை எங்கோ மிதந்துகொண்டிருந்தது. வரலட்சுமிக்கும், தன் காலடியில் அசைந்த புற்கள் நீருக்கடியில் ஆடும் பாசியைப் போலத் தோன்றின.

"நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போடி. ஒரு நாளாவது பழகிக்கறேன்."

"அதெல்லாம் உனக்கு வாணாம்," என்று கூறிய பஞ்சவர்ணம், செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று நடந்துவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் வரலட்சுமி துண்டும் மாற்றுடையும் எடுத்துக்கொண்டு, சேக்காட்டில் விசாரித்து விசாரித்து அந்த ஓட்டு வீட்டை அடைந்தாள். பஞ்சவர்ணம் தண்ணீர் லாரிக்குக் குடங்களுடன் சென்றிருந்தாள். அவளுடைய தாயார் தாயம்மா மட்டும் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, நான் பஞ்சவர்ணத்தோட கபடி ஆடுறவ. சின்ன வயசுல அவ முங்குவாளாமே, அந்த ஏரி எந்தப் பக்கம்? இன்னிக்குப் பழகலேன்னா நாளைக்கு என்னை டீம்லேர்ந்து தூக்கிடுவாங்க."

"ஏரின்னா சொல்லிச்சு அது?"

தாயம்மா துலக்கிய பாத்திரத்தைக் கீழே வைத்தார். பிறகு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவளை உள்ளே அழைத்துச் சென்றார். மூலையில், தொழிற்சாலை ஏலத்தில் எடுத்த மரப்பெட்டி ஒன்று கிடந்தது. அதன் மூடியைத் திறந்து காட்டினார்.

"அவுங்கப்பன் சாராயம் குச்சிட்டு வந்து புள்ளயத் தேடறப்போ, இதுக்குள்ள போட்டு மூடிட்டு மேல நான் ஒக்காந்துக்குவேன், கண்ணு. மூச்சுச் சத்தம் கேட்டா அடிச்சே கொன்னுடுவான். அதான், 'இத்த ஏரின்னு நெனச்சிக்கோ, நான் கூப்புடற வரைக்கும் முங்கிக் கெட'ன்னு சொல்லி வெச்சேன்."