ஐரோலி வைத்தியம்

வாக்கிங் போவதற்கே காரில் போகிறவன் நான்.

செம்பூரில் எங்கள் பில்டிங்கிலிருந்து பூங்கா எழுநூறு மீட்டர். அதுவரை காரில் போவேன். உள்ளே நாலு சுற்று நடந்துவிட்டு, மறுபடி காரில் ஏறி வீட்டுக்கு வருவேன். வழியில் இட்லி மாவும் பேப்பரும் வாங்கிக்கொள்வேன். வண்டிக்கு ஆறு வயசு. இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் தாண்டவில்லை.

"பிரம்மநாயகம் வண்டி ஷோரூம்லேர்ந்து நேத்து வந்த மாதிரி இருக்கு" என்று நாலு பேர் சொல்வார்கள். அந்த நாலாவது ஆள் நான்தான்.

ஏப்ரலில் ஒருநாள் கீழ்வீட்டுப் பானுமதி வந்தாள். அவள் புருஷன் தளவாய் முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு கால் விழுந்துவிட்டது.

"அண்ணாச்சி, வியாழக்கிழம மட்டும் அவியள ஐரோலிக்குக் கூட்டிட்டுப் போவணும். அங்க ஒரு சென்டர்ல நடக்கப் பழக்குதாவ. ரயில்ல ஏத்த முடியல. புக் பண்ணுத டாக்ஸிக்காரன் வாக்கரப் பாத்ததும் கேன்சல் பண்ணிட்டுப் போயிருதான். மூணு வாரமா போவல. இப்ப விட்டா அப்புறம் நடக்கவே முடியாதுன்னு டாக்டர் சொல்லுதாரு."

நான் நெற்றியைத் தடவினேன்.

"கூட்டிட்டுப் போவலாம் தங்கச்சி. ஆனா அவ்வளவு தூரம் போனா எஞ்சின் தேஞ்சிரும். வண்டிக்குச் சேராது."

சளி பிடித்த பிள்ளைக்கு ஐஸ்கிரீம் சேராது என்பது மாதிரி சொன்னேன். அவள் "சரி அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

என் மனைவி சண்முகவடிவு சும்மா விடுவாளா?

"வண்டிய பூஜை ரூம்ல கொண்டு வச்சிக்கிடுங்க. தேங்காய் உடைக்கத் தோதா இருக்கும்."

நாலாவது நாள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

எனக்கு ஒரு மெக்கானிக்கைக்கூடத் தெரியாது. வண்டி ஓடியிருந்தால்தானே தெரியும். கொஞ்சமும் வெட்கமில்லாமல் தளவாய் வீட்டுக் கதவையே போய்த் தட்டினேன். அவர் படுத்தபடியே ஒரு நம்பர் சொன்னார். அவருடைய டாக்ஸியை வருஷக்கணக்காகப் பார்த்த முகம்மது ஹனீப் பாய், தாராவியில் ஒர்க்‌ஷாப். பானுமதியே போன் போட்டுப் பேசி வரவழைத்துக் கொடுத்தாள்.

பாய் பானட்டைத் தூக்கி, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி என்னிடம் நீட்டினார். அடியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"இது என்னன்னு தெரியுதா அண்ணாச்சி?"

"பாலாடை மாதிரி இருக்கு பாய்."

"எஞ்சின் சூடாவறதுக்கு முன்னாலயே அணைச்சிருதிய. உள்ள வேர்த்த தண்ணி ஆவியாப் போவ நேரமில்லாம எண்ணெயோட கலந்து இப்படி ஆயிட்டு. ஸ்டார்ட் பண்ண எடுத்த கரண்ட பேட்டரிக்குத் திருப்பிக் குடுக்கவும் நேரமில்ல. சைலன்சரும் உள்ளுக்குள்ளயே துருப்பிடிச்சிட்டு."

"நான் வண்டிய ஓட்டவே இல்லையே பாய்."

"அதான் அண்ணாச்சி வியாதி."

பேட்டரியை மாற்றினார், எண்ணெயை மாற்றினார். கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வாரத்துக்கு ஒரு தடவ ஹைவேல ஐரோலி வரைக்கும் போயிட்டு வாங்க. பின் சீட்ல ரெண்டு ஆள் வெயிட் இருக்கணும். அப்பத்தான் எஞ்சின் நல்லா சூடேறும்."

"மணல் மூட்டை வச்சிக்கிடலாமா?"

"மூட்டை உருளும். ஆள்தான் சரி."

ஐரோலி என்றதும் என் மூளை சுறுசுறுப்பாகிவிட்டது. ஒரே கல்லில் ரெண்டு மாங்காய். சாயங்காலமே கீழே இறங்கினேன்.

"தங்கச்சி, நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்ல. வண்டி கெட்டா கெட்டுட்டுப் போவுது. மனுஷன்தான் முக்கியம். வியாழக்கிழம ரெடியா இருங்க."

பானுமதி அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. அதுதான் கொடுமை. என் பேச்சை நானே நம்பிவிட்டேன்.

நாலு மாதம் ஒரு வியாழன் தவறவில்லை. வண்டி தொட்டதும் கிளம்பியது. பில்டிங்கில் என் பேரும் ஏறிக்கொண்டே போனது. லிஃப்டில் எனக்கு வழி விட்டார்கள். கணபதி பூஜையில் எனக்குப் பொன்னாடை என்று செக்ரட்டரி சாய்நாத் அறிவித்தார். வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை, அதுவும் மெதுவாகச் சொன்னேன்.

பொன்னாடையைக் கொண்டுவந்தது தளவாய். வாக்கர் இல்லை, ஒரு கைத்தடி மட்டும். நாற்காலியிலிருந்து தானே எழுந்து, எட்டடி நடந்து வந்து என் தோளில் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

கூட்டத்தில் ஹனீப் பாய் நின்றார். தளவாய் கூப்பிட்டிருக்கிறார் போல. அவரை மாடிப்படிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

"பாய், நான் வண்டிக்காவத்தான் ஐரோலி போனேன்னு இங்க யாருட்டயும் சொல்லிராதிய."

அவர் என் தோளில் சரிந்திருந்த பொன்னாடையைச் சரியாக இழுத்துவிட்டார்.

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. அன்னைக்கு போன்ல பானு அக்கா எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிட்டாவ. உங்க வண்டிக்கு இந்தா பக்கத்துல இருக்க வாஷி பாலம் வரைக்கும் போயிட்டு வந்தாலே போதும். பின் சீட்ல ஆள் வெயிட் எந்த எஞ்சினுக்கும் தேவையில்ல."