பூனையாருக்கு ஒரு வாழ்த்து அட்டை

மெர்சி என்கிற சுண்டெலியின் நான்கு குட்டிகளும் கண் திறந்து இரண்டே நாள். அதற்குள் மாடிப்படிப் பூனையாருக்குப் பிறந்தநாள் வந்துவிட்டது. மெர்சி கான்வென்ட் பள்ளி அலமாரிக்குள் வளர்ந்தவள்; வாழ்த்து அட்டை மரியாதையெல்லாம் தெரிந்தவள். பெரிய இடத்துக்கு வாழ்த்து அட்டை போகாவிட்டால், விருந்துக்குத் தன் குட்டிகள் போய்விடும் என்று நடுங்கினாள்.

காக்கா அண்ணாச்சி கடையில் பிறந்தநாள் அட்டை பத்துப் பொட்டுக்கடலை. அவளிடம் இருந்ததோ இரண்டு.

"ரெண்டுக்கு ஒண்ணுமே இல்லையா, அண்ணாச்சி?"

"விலை போகாத சரக்கு ஒண்ணு கிடக்கும்மா. 'சீக்கிரம் குணமடையுங்கள்'னு போட்டிருக்கும். ஆனா ரோஜாப்பூ அதே ரோஜாப்பூதான்."

"பூ இருந்தாப் போதும். அவர் எங்கே படிக்கப் போறார்!"

பூனையார் படித்தார். மெர்சி பொந்துக்குள்ளிருந்து பார்க்கப் பார்க்க, எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தார். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தார்.

"எனக்கு என்னவோ பெரிசா வந்திருக்கு. ஊருக்கே தெரிஞ்சிருக்கு, என்கிட்ட மட்டும் மறைக்கிறாங்க!"

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டவர், அப்புறம் கறி மீன் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. வருஷம் பூராவும் கஞ்சிதான். குட்டிகள் அவர் வால்மாட்டிலேயே ஓடிப்பிடித்து விளையாடி வளர்ந்தன.

அடுத்த பிறந்தநாளுக்கு மெர்சி மடி நிறையப் பொட்டுக்கடலையோடு வந்தாள். அண்ணாச்சி ஆசை ஆசையாகப் பிறந்தநாள் அட்டைகளை விரித்தார்.

"அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. போன வருஷம் கொடுத்தீங்களே, அதே அட்டை" என்றாள் மெர்சி. "எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும். பாவம், அவருக்கும் வயசாகுது."