நான்காம் விரல்

அவள் இசைத்தாளில் 3-ஐ அழித்துவிட்டு 4 என்று எழுதினாள்.

பென்சிலை அழுத்தவில்லை. மற்ற எண்களும் மெல்லியவைதான். எந்தக் கட்டைக்கு எந்த விரல் என்று ஏழு மாதமாக அவளே யோசித்துக் குறித்தவை.

மணி ஒலிக்கும் இடம் அது. ஊரை விட்டு வந்த ஒருவன் நூற்றைம்பது வருடங்களுக்கு முன் தன் ஊர் ஆலய மணியை நினைத்து எழுதிய பியானோ இசை. ஒரே சுரம், பதினொரு முறை. மூன்றாம் விரலான நடுவிரலால் அடித்தால் கணீரென்று கேட்கும். நான்காவதான மோதிர விரலுக்கு அந்த வலு கிடையாது.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் அதை வாசிக்க ஒருவருக்குத்தான் இடம்.

ஹெப்சி வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம்தான். அவள் வாசிக்கும்போது எபனேசர் சார் கண்ணை மூடிக்கொள்கிறார்.

இவள் வாசிக்கும்போது கடிகாரத்தைப் பார்க்கிறார்.

“மணி தூரத்துல கேக்கணும்மா. நீ மணிக்கூண்டு உள்ளயே நின்னு அடிக்கிற.”

அந்த ஹெப்சிதான் கேட்டிருந்தாள். “அக்கா, உங்க தாள ஒரு வாரம் தாங்களேன். எனக்கு விரலே உக்கார மாட்டேங்குது.”

கொடுத்தாள்.

அடுத்த செவ்வாய் மாலை ஹெப்சி வாசித்தாள்.

முதல் மணி சரியாக விழவில்லை. இரண்டாவதும். மோதிர விரல் கட்டையைப் பாதிதான் அழுத்தியது.

இவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டு எண்ணினாள்.

ஐந்தாவது மணிக்கு சார் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்.

அறை அடங்கியது.

பதினொன்றாவது மணி கேட்டதா, கேட்டதாக நினைத்தாளா, தெரியவில்லை.

சார் கண்ணைத் திறக்கச் சற்று நேரமானது.

“இதத்தான் இத்தன நாளா கேட்டுட்டு இருந்தேன். யாரு சொல்லிக் குடுத்தா?”

“அக்காதான் சார். அவங்க போட்ட நம்பர்.”

சார் தாளைக் கையில் எடுத்தார். அழித்த இடம் லேசாகப் பளபளத்தது. அதைப் பார்த்தாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

தாளை மறுபடி பியானோ மேல் வைத்தார்.

“வாம்மா. நீ வாசி. யாருன்னு இன்னிக்கே சொல்லிடறேன்.”

உட்கார்ந்தாள். பக்கம் திருப்ப ஹெப்சி அருகில் வந்து நின்றாள். சிரித்தாள்.

மணியின் இடம் வந்தது.

4 என்றுதான் எழுதியிருந்தது.

ஏழு மாதப் பழக்கத்தில் நடுவிரல் முந்திக்கொண்டு வந்து நின்றது.