ஐந்தாவது கிண்ணம்

“எங்க வூட்ல நாலு பேருதானே, அஞ்சுன்னு எழுதிட்டீங்க. கணக்கு வராதா சார் உங்களுக்கு?” என்று பாயில் படுத்தபடியே கேட்டாள் சிறுமி.

அது 1957. கப்பலில் மதராசுக்கு வந்த புளூ காய்ச்சல் தளி கிராமம் வரை பரவியிருந்தது. சுகாதார ஊழியர் மாதப்பன் தினமும் ஊரில் காய்ச்சலில் படுத்தவர்களின் கணக்கைத் தந்தியில் சொல்ல வேண்டும். அது டெல்லிக்கும், கடல் தாண்டியும் போகும். படுத்திருப்பவர்களைப் பேசவைக்க அவருக்கு மனம் வராது. அடுப்படியில் கழுவிக் கவிழ்த்த கஞ்சிக் கிண்ணங்களை ஆளுக்கு ஒன்றென எண்ணி, கதவில் காவியால் எழுதிவிடுவார். இங்கே ஐந்து இருந்தன.

நீல விளிம்பு வைத்த ஐந்தாவதை எடுத்துக் காட்டினார். சிறுமியின் தாய் சாந்தம்மா கையை ஊன்றி எழுந்தாள்.

“பக்கத்து வூட்டு முனிலட்சுமி கிண்ணம் சார் அது. போன வருசம் அம்மை போட்டு அவ தோப்புல கிடந்தப்ப யாரும் கிட்ட போகல. நான்தான் அதுல கஞ்சி கொண்டுபோவேன். அவ செத்தப்ப அதையும் அவளோடவே பொதச்சாச்சு.”

“அப்ப இங்க கஞ்சி காய்ச்சறது யாரும்மா?”

“நீங்க அனுப்பின ஆளுன்னு இருந்தேன். நாலு நாளா எங்களுக்குக் கண்ணே தொறக்கல.”

மாதப்பன் யாரையும் அனுப்பவில்லை. தந்தியில் நான்கு என்றே சொன்னார். கஞ்சி ஊற்றியவளும் இந்த வீட்டு ஆள்தான் என்று கதவிலிருந்த ஐந்தை அழிக்காமல் விட்டார்.

எட்டாம் நாள் அவர் வந்தபோது, நால்வரும் குணமாகிக் கேழ்வரகு காட்டுக்குப் போயிருந்தார்கள். ஆளில்லாத அடுப்படியில் நான்கு கிண்ணங்கள் கவிழ்ந்திருந்தன. பக்கத்தில், ஐந்தாவது இருந்த இடத்தில், ஒரு ஈர வட்டம் மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது.